நெய்வதா, பின்னுவதா, முடைவதா?

பாய் நெய்கிறார்கள் என்றும் சொல்கிறோம், பாய் முடைகிறார்கள் என்றும் சொல்கிறோம். இரண்டும் சரி, ஆனால் இரண்டும் ஒரே பாய் அல்ல. பத்தமடைக் கோரைப்பாய்க்குத் தறி உண்டு. பருத்தி நூலைப் பாவாக நீளவாக்கில் இழுத்துக் கட்டி, கோரையை ஊடையாகக் குறுக்கே செலுத்தி அடித்து நெருக்குவார்கள். பனையோலைப் பாய்க்குத் தறியும் இல்லை, பாவும் இல்லை. சீராக வார்ந்த ஓலைகளைத் தரையில் பரப்பி, மேலொன்று கீழொன்றாக விரலாலேயே செருகிக்கொண்டு போவார்கள். முன்னது நெய்தல், பின்னது முடைதல்.

ஆக, செய்யும் பொருளை வைத்து வினையைத் தேர்ந்தெடுத்தால் தடுமாறும். இழைகள் எப்படி நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். ஒரு தொகுதி விறைப்பாக நிற்க, இன்னொன்று அதன் ஊடே போய் வந்தால் நெய்தல். பட்டையான, கொஞ்சம் விறைப்பான ஓலையோ மூங்கில் சிம்போ ஒன்றையொன்று பிடித்துக்கொண்டால் முடைதல். நூல், கயிறு, முடி போல வளைந்து கொடுப்பவை தமக்குள்ளேயே மாறி மாறிக் குறுக்கிட்டாலோ கண்ணியாக மாட்டிக்கொண்டாலோ பின்னுதல்.

அதிகம் குழப்புவது துணிதான். வேட்டியும் பனியனும் பருத்தியாகவே இருக்கலாம். வேட்டியின் வெட்டிய ஓரத்தில் ஒரு நூலை உருவினால் அது மட்டும் நேராக வரும். பனியன் துணியில் உருவினால் நூல் நெளிநெளியாக வரும், கூடவே கண்ணிகள் வரிசையாகக் கழலும். இழுத்தால் பனியன் நீள்வதும் அந்தக் கண்ணிகளால்தான். திருப்பூரில் பனியனைப் பின்னலாடை என்று சொல்வது வெறும் பழக்கம் அல்ல, துல்லியமான பெயர். ‘ஸ்வெட்டர் நெய்தாள்’ என்று எழுதினால் இரண்டு ஊசியோடு உட்கார்ந்திருப்பவளைத் தறியில் கொண்டுபோய் உட்கார வைக்கிறோம்.

கூடையில் எல்லை அவ்வளவு கறாராக இல்லை. மூங்கில் கூடையை முடைவார்கள். பின்னுவது என்றாலும் யாரும் திருத்தமாட்டார்கள். ஒயர் கூடைக்கு மட்டும் பின்னுதல்தான். சிவன் கண், நெல்லிக்காய் என்று எந்த முடிச்சில் போட்டாலும் ‘ஒயர் கூடை முடைந்தேன்’ காதில் ஒட்டாது. தென்னங்கீற்றை முடைவதும் உண்டு, பின்னுவதும் உண்டு. முடைந்த கீற்றைக் கூரையில் அடுக்கிக் கட்டுவதுதான் வேய்தல். ‘கீற்று வேய்ந்தார்கள்’ என்றால் கூரை வேலை நடக்கிறது என்று பொருள், கீற்று முடையும் வேலை அல்ல.

இறந்தகாலத்தில் சறுக்குகிறவர்கள் உண்டு. நெய்தாள், முடைந்தாள், பின்னினாள். ‘நெய்த்தாள்’, ‘முடைத்தாள்’ இரண்டும் பிழை. இன்னொரு வேறுபாடும் உண்டு: பின்னு தானாக நடப்பதற்கும் வரும். கொடிகள் பின்னிக் கிடக்கும், குடித்தவனுக்குக் கால் பின்னும். நெய், முடை இரண்டுக்கும் செய்கிறவர் ஒருவர் வேண்டும். ‘வேர்கள் நெய்துகொண்டன’ என்று எழுத முடியாது.

பூவில் இந்த மூன்றுக்குமே வேலை குறைவு. பூவை நூலில் தொடுப்போம் அல்லது கட்டுவோம். காம்பைச் சுற்றி நூல் முடிச்சு விழுந்தால் தொடுத்தல், ஊசி பூவைத் துளைத்துப் போனால் கோத்தல். தொடுத்தாள் என்பதைத் தொட்டாள் என்று எழுதிவிட்டால் பூவை விரலால் தீண்டியதோடு கதை முடிந்துவிடும்.

உருவகமாக எழுதும்போது நெய்தல்தான் இப்போது மிகையாகப் புழங்குகிறது: கனவு நெய்தல், சொல் நெய்தல், உறவு நெய்தல். கவிதையில் ஒன்றிரண்டு இருந்துவிட்டுப் போகட்டும். உரைநடையில் பல சரடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கதைக்குப் பின்னுதலே பொருத்தம், சதிவலைக்கும் அதுவே. இல்லாததை உண்டாக்குவதற்குப் புனைதல் இருக்கிறது. பேச்சில் அதே வேலைக்குக் கயிறு திரித்தல். ‘பொய்களை நெய்தான்’ என்பதைவிட ‘கயிறு திரித்தான்’ இரட்டிப்பு உறைப்பு. ‘ஆட்டத்தில் பின்னிட்டான்’ என்னும்போது மட்டும் இழையைத் தேட வேண்டாம், அது வெறும் பாராட்டு.