மண்ணடியில் பழைய கோலிகள்: நிலையைச் சரியாகச் சொல்லும் கடை, வயதைத் தவறாக எழுதும் சீட்டு

மண்ணடியில் லிங்கிச் செட்டித் தெருவை ஒட்டிய சந்து ஒன்றில் பித்தளைப் பூட்டுகள், செல்லாத நாணயங்கள், கிராமபோன் தட்டுகள் ஆகியவற்றுக்கு நடுவே பழைய கண்ணாடிக் கோலிகளையும் விற்கும் ஒரு சிறிய கடை இருக்கிறது. 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டில் பழம்பொருள் விற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர் இப்போது இதை நடத்துகிறார். வாடிக்கையாளர் எல்லோருக்கும் அவர் பாய்தான். வடசென்னையில் கோலியைச் சேகரிப்புப் பொருளாக மதித்து, ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரித்து விற்கும் கடைகள் அரிது என்பதால் இதைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

கடையின் முதல் சிறப்பு, கோலிகளை நிறப்படி அடுக்காமல் நிலைப்படி அடுக்கியிருப்பது. கண்ணாடி மூடியிட்ட மரத்தட்டில் பழுதற்றவை, அடுத்த தட்டில் ஆட்டத்தில் லேசாக அடிபட்டவை, அதற்கும் கீழே சில்லு தெறித்தவை என்று வைத்திருக்கிறார்கள். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பத்துக்கு மதிப்பெண் போட்டு ஒன்பதுக்கு மேல் உள்ளதைப் புத்தம்புதிது என்றும், எட்டுக்கு மேல் உள்ளதை ஏறக்குறையப் புதிது என்றும், ஏழுக்கு மேல் உள்ளதை நல்லது என்றும் வகுக்கிறார்கள். இந்தக் கடையின் தட்டுகள் அந்த வகுப்போடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. முதல் தட்டில் இருந்தவற்றை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் குறை சொல்ல எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

நிலையைப் பார்ப்பது எளிய வேலை அல்ல. மேற்பரப்பில் தெறித்த சில்லு விரல் நுனிக்கே தட்டுப்படும். ஆனால் இன்னொரு கோலி வந்து மோதிய இடத்தில் மேற்பரப்பு உடையாமலே உள்ளே பிறை வடிவில் உண்டாகும் விரிசல், விளக்கொளியைப் பக்கவாட்டில் பாய்ச்சினால் ஒழியத் தெரியாது. நான் எடுத்த ஒரு நீலக் கோலியை என் கையிலிருந்து வாங்கி, ‘சார், இந்தப் பக்கம் வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க, உள்ள பிறை விழுந்திருக்கு, இதுக்கு அந்த வெலை வேணாம்’ என்று அவராகவே சொல்லி, அதைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினார். விற்பவரே முன்வந்து குறையைக் காட்டும் இந்தப் பழக்கத்துக்காகவே கடையை மனமாரப் பாராட்டுகிறேன். உள்ளிருக்கும் காற்றுக் குமிழியையும், வார்த்தபோது சட்டென்று குளிர்ந்ததால் உண்டான கோட்டையும் அவர் அடிபட்ட குறையாகக் கணக்கிடுவதில்லை. அவை பிறவியிலேயே வந்தவை என்பது சரியான நிலைப்பாடு.

சிக்கல் சீட்டுகளில் இருக்கிறது. சிவப்பு, ஆரஞ்சு, கரும்பச்சை போன்ற அடர்ந்த நிறம் தெரிந்தாலே ‘ஜெர்மன், 100 வருடம்’ என்று எழுதி ஒட்டிவிடுகிறார்கள். நிறத்தை மட்டும் வைத்துக் கோலியின் வயதைச் சொல்லவே முடியாது. கோபால்ட் நீலம் தரும், மணலில் உள்ள இரும்பு பச்சை தரும், காட்மியமும் செலினியமும் சேர்ந்து பளிச்சென்ற சிவப்பும் ஆரஞ்சும் தரும். இவற்றை இன்றைய தொழிற்சாலையும் கலக்கலாம். புற ஊதா விளக்கில் பச்சையாக ஒளிரும் யுரேனியக் கண்ணாடிகூட இன்றும் தயாராவதால், அந்த ஒளிர்வும் பழமைக்குச் சான்று ஆகாது.

வயதைச் சொல்வது முனைகள். ஜெர்மனியில் துரிங்கியாப் பகுதியின் லௌஷாவில் 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கோலி வெட்டும் தனிக் கத்தரி புழக்கத்துக்கு வந்தபின், வண்ண இழைகள் பதித்த கண்ணாடித் தண்டை உருக்கி, முறுக்கி, அந்தக் கத்தரியின் கிண்ணத்தில் உருட்டித் துண்டித்தார்கள். அப்படிப் பிறந்த கோலியின் இரு முனைகளிலும் வெட்டுத் தழும்பு சொரசொரப்பாக நிற்கும். உள்ளே இழைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுழன்று ஓடும். 1905-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் மார்ட்டின் கிறிஸ்டென்சன் கோலி உருட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்; பிற்காலத்தில் முழுக்க இயந்திரத்திலேயே உருண்டு வந்தவற்றில் அந்தத் தழும்பு இருக்காது. உள்ளே மூன்று நான்கு வண்ண இதழ்கள் மட்டும் நிற்கும் பூனைக்கண் கோலிகளோ, இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானிலிருந்து பரவியவை. அவற்றின் மீதும் ‘ஜெர்மன்’ சீட்டு ஒட்டியிருப்பதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. இதை எடுத்துச் சொன்னபோது பாய் மறுக்கவில்லை. சரக்கு கொடுத்தவர் சொன்னபடி எழுதியதாகச் சொன்னார்.

மெருகேற்றிய கோலிகள் இன்னொரு கவலை. கீறலும் மங்கலும் போகட்டும் என்று மேற்பரப்பைச் சாணை பிடித்தால் கோலி பளபளக்கும், ஆனால் முனைத் தழும்பும் மழுங்கிவிடும். பிறகு அது கையால் செய்ததா, இயந்திரத்தில் உருண்டதா என்பதற்கான சாட்சியே அழிந்துபோகும். உலகச் சந்தையில் மெருகேற்றிய கோலியின் மதிப்பு குறைகிறது. இந்தக் கடையிலோ அவை பழுதற்றவற்றோடு கலந்து, அதே விலையில் கிடக்கின்றன. பழைய கோலிக்கு இருக்கவேண்டிய சின்னஞ்சிறு தேய்மானம் ஒன்றுகூட இல்லாமல் எல்லாப் பக்கமும் ஒரே சீராக மின்னினால், விலை பேசும் முன் மெருகேற்றியதா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்டால் உண்மையைச் சொல்கிறார்.

நம் ஊர்ச் சரக்கு என்று பார்த்தால், கோலி சோடா பாட்டிலை உடைத்து எடுத்த கோலிகள் ஒரு டப்பா நிறைய இருக்கின்றன. 1870-களில் இங்கிலாந்தில் ஹைரம் காட் காப்புரிமை பெற்ற அந்தப் பாட்டிலின் கழுத்தை அடைத்து நின்றவை இவை: உள்ளே பூ இல்லை, இழை இல்லை, இளம்பச்சையோ நிறமற்றதோ ஆன வெறும் கண்ணாடி. ராயபுரம், தண்டையார்பேட்டைத் தெருக்களில் பேந்தா ஆடியவர்கள் ஆசையோடு அள்ளுவார்கள். சேகரிப்பு மதிப்பு பெரிதாக இல்லை. கடையும் அதற்கேற்ப ஒன்று 10 ரூபாய்க்கே கொடுக்கிறது. இந்த விலை நியாயமானது.

மற்றவை 50 ரூபாயில் தொடங்கி, இரு முனைத் தழும்பும் வெள்ளை வலைப்பின்னல் நடுத்தண்டும் கொண்ட கையால் செய்த கோலிக்கு 3,000 ரூபாய் வரை போகின்றன. அந்த 3,000 ரூபாய்க் கோலி உண்மையிலேயே பழையது. நிலையும் ஏறக்குறையப் புதிது. அதை வாங்கியதில் எனக்கு முழுத் திருப்தி. ஆனால் ‘ஜெர்மன்’ சீட்டோடு 800 ரூபாய்க்கு இருக்கும் பூனைக்கண் கோலிகளை யாரும் வாங்க வேண்டாம். அதே வகை கோலி சீட்டு இல்லாமல் பக்கத்துத் தட்டிலேயே 60 ரூபாய்க்குக் கிடைக்கிறது. உருப்பெருக்கியைக் கையோடு கொண்டுபோங்கள், கடையில் இருப்பது கீறல் விழுந்தது. மாலையில் கூட்டம் சேர்ந்தால் பாய்க்கு நின்று பேச நேரம் இருப்பதில்லை. முற்பகலில் போனால் தட்டுகளை வெளியே எடுத்து வெயிலில் வைத்துக் காட்டுகிறார்.