எலுமிச்சை சோடாவுக்கு மெம்பிரேன் ஃபில்டர்: மூணு கோடை ஓட்டிப் பார்த்ததில்

வியாசர்பாடியில் சின்ன சோடா கம்பெனி நடத்துகிறேன். ஆந்திராவின் கூடூரிலிருந்து வரும் எலுமிச்சைதான் சரக்கு. சாற்றில் திப்பி இருந்தால் கேஸ் அதைப் பிடித்துக்கொண்டு நுரையாகப் பொங்கும். பாட்டிலைத் திறந்தால் பாதி தரையில். முன்பெல்லாம் சாறு கெடாமலிருக்க கே.எம்.எஸ். (பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்) போட்டு டிரம்மில் வாரக்கணக்கில் நிற்கவைத்து, மேலே தெளிந்ததை டியூப் போட்டு இறக்குவோம். ஏப்ரல் வந்தால் டிரம்மும் போதாது, இடமும் போதாது. அதற்காகத்தான் ஹாலோ ஃபைபர் அல்ட்ரா ஃபில்டர் வாங்கினேன்; மெல்லிய குழாய் வடிவச் சவ்வுகள் (மெம்பிரேன்) வழியே சாற்றை வடிகட்டும் கருவி.

தெளிவில் குறையே இல்லை. துளை 0.1 மைக்ரானுக்கும் கீழே. பெக்டின் (பழத்திலிருக்கும் பசைப்பொருள்), நார், ஈஸ்ட் எல்லாம் உள்ளேயே நின்றுவிடும். புளிப்பும் சர்க்கரையும் கடந்து வரும். கசப்பும் கூடவே வரும், விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார். கசப்புக்குக் காரணமான லிமோனின் அவ்வளவு சின்ன மூலக்கூறு. விதை நசுங்காமல் பிழிவதுதான் அதற்கு வழி. மணம் கொஞ்சம் குறைகிறது, தோல் எண்ணெய் திப்பியோடு தங்கிவிடுவதால். கடைசியில் துளி எண்ணெய் சேர்த்துச் சரிக்கட்டுகிறேன். சாத்துக்குடி ஜூஸ் விற்பவர்களுக்கு இது வேண்டாம். நிறமே போய்விடும், அப்புறம் யார் வாங்குவார்?

பெரிய தலைவலி அடைப்பு. "அண்ணே, வரத்து பாதியாயிடுச்சு" என்று பையன் குரல் கொடுக்காத நாள் குறைவு. பெக்டின் கூழாகிச் சவ்வின் மேல் படிந்துகொள்ளும். அப்போது பிரஷரை ஏற்றினால் படிவு இன்னும் இறுகத்தான் செய்யும். பிரஷரைக் குறைத்து, சாறு வேகமாகச் சுற்றி ஓடும்படி விடணும். பெக்டினைச் சிதைக்கும் பெக்டினேஸ் என்சைம் முன்னாடியே போட்டால் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் எலுமிச்சையின் பி.எச். 2-லிருந்து 2.5-க்குள், சாதாரண என்சைம் அந்தப் புளிப்பில் சோம்பிவிடும். அமிலம் தாங்கும் வகை என்று கேட்டு வாங்குங்கள். ராத்திரி முழுக்க நிற்கவைத்து, அடி மண்டியை விட்டுவிட்டு மேல் சாற்றை மட்டும் ஓட்டினாலும் பாதி வேலை முடிந்தது.

ஓட்டி முடித்த கையோடு கழுவணும், காலையில் பார்த்துக்கலாம் என்பதே கூடாது. இளஞ்சூட்டில் காஸ்டிக் சோடா கரைசல், பிறகு நல்ல தண்ணீர். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பும் கடினமும்; காஸ்டிக்கோடு சேர்ந்தால் சுண்ணாம்பு படிந்து அதுவே புது அடைப்பாகிவிடும். ஆர்.ஓ. தண்ணீருக்கு ஆகும் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

செராமிக் மெம்பிரேன் சூடு, காஸ்டிக் எல்லாம் தாங்கும், பல வருஷம் உழைக்கும். விலை கேட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.