ப்ராஜெக்ட் ஆன்லைன்: மாறும் முன் எதை எடைபோட வேண்டும்?

நிறுவனங்கள் தங்கள் ப்ராஜெக்ட்டுகளையும் ஆட்களையும் திட்டமிடப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட் ஆன்லைன் சேவை 2026 செப்டம்பர் 30 அன்று நிறுத்தப்படும் என்று அறிவித்துவிட்டார்கள். வேறொன்றுக்கு மாறும் முன், இதன் எந்த வசதி உங்கள் நிறுவனத்துக்கு உண்மையிலேயே உழைத்தது என்று பாருங்கள். அதற்கான பதில் பெரும்பாலும் உங்கள் அமைப்புமுறையில்தான் இருக்கிறது.

இதில் மிகவும் மெச்ச வேண்டியது ரிசோர்ஸ் என்கேஜ்மென்ட், அதாவது ஒரு ப்ராஜெக்ட்டுக்கு ஆளைக் கேட்டு ஒப்புதல் வாங்கும் வசதி. டெஸ்டிங் பிரிவில் இருக்கும் ஒருவர் துறைத் தலைவருக்கும் பதில் சொல்லி, இரண்டு மூன்று ப்ராஜெக்ட்டுகளிலும் வேலை பார்க்கும் மேட்ரிக்ஸ் நிறுவனங்களுக்கு இது கச்சிதம். 'ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இவர் 50% வேண்டும்' என்று ப்ராஜெக்ட் மேனேஜர் கேட்பார். ரிசோர்ஸ் மேனேஜர் ஏற்கலாம், மறுக்கலாம், தேதியையோ அளவையோ மாற்றியும் ஏற்கலாம். யாருக்கு ஆள் ஒதுக்கப்பட்டது, யாருக்கு இல்லை என்பதில் பிறகு வாக்குவாதமே வராது. ஒன்று மட்டும் முக்கியம்: ஒவ்வொருவரின் விவரப் பக்கத்திலும் ஒப்புதல் தேவை என்ற கட்டத்தை டிக் செய்திருக்க வேண்டும். அதை விட்டால் கேட்காமலே ஆளை டாஸ்க்கில் போட்டுவிடுவார்கள்.

துறைவாரி அமைப்பில் வேலையைக் கொடுப்பவரும் ஆளைக் கொடுப்பவரும் ஒருவரே. அங்கே இது வெறும் கூடுதல் வேலை. ஆட்கள் முழுநேரமும் ஒரே ப்ராஜெக்ட்டில் இருக்கும் இடங்களுக்கும் தேவையில்லை.

அடுத்தது போர்ட்ஃபோலியோ அனாலிசிஸ், அதாவது பட்ஜெட்டுக்குள் எந்தெந்த ப்ராஜெக்ட்டுகளை எடுப்பது என்று தேர்ந்தெடுக்க உதவும் வசதி. முதலில் வணிக நோக்கங்களை இரண்டிரண்டாக ஒப்பிட வேண்டும். 6 நோக்கம் என்றால் 15 ஒப்பீடு. 12 என்றால் 66. அவ்வளவு நேரம் எந்த இயக்குநரும் கவனமாக உட்கார மாட்டார், பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்படும். பதில்கள் எவ்வளவு முரணில்லாமல் இருக்கின்றன என்று காட்டும் கன்சிஸ்டன்சி ரேஷியோ 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், அதில் கிடைக்கும் முன்னுரிமை வரிசையை நம்பாதீர்கள். ஆறேழு நோக்கத்தோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. பட்ஜெட்டைக் குறைத்துக் கணக்கிட்டால் எந்த ப்ராஜெக்ட் வெளியே போகிறது என்று உடனே தெரியும். ஆனால் 'கட்டாயம் சேர்' என்ற ஃபோர்ஸ்-இன் வசதியில் மேலிடத்து ப்ராஜெக்ட்டுகளையெல்லாம் போட்டு நிரப்பினால், மென்பொருள் தேர்ந்தெடுக்க எதுவும் மிஞ்சாது.

இதே அனாலிசிஸில் பலரும் சறுக்குவது ஆள்பலக் கணக்கில். அது ரோல் (ஒருவரின் பணிப் பொறுப்பு) என்ற ஒரு கஸ்டம் ஃபீல்டை, அதாவது நாமே உருவாக்கும் தகவல் புலத்தை வைத்தே நடக்கிறது. உண்மையான ஆட்களுக்கும், திட்டத்தில் ஆள் பெயர் இல்லாமல் 'டெஸ்டர்' என்பதுபோல் போட்ட ஜெனரிக் ரிசோர்ஸ்களுக்கும் ஒரே லுக்கப் டேபிளிலிருந்து (தேர்வுப் பட்டியலிலிருந்து) ரோல் கொடுத்திருக்க வேண்டும். ஆட்களின் பக்கம் காலியாக இருந்தால் தேவை மட்டும் தெரியும், கையிருப்பு தெரியாது. இல்லாத பற்றாக்குறையைக் காட்டி நல்ல ப்ராஜெக்ட்டுகளைத் தள்ளிப்போடச் சொல்லும்.

இந்த இரண்டு வசதிகளையும் நம்பியிருப்பவர்களுக்கு நிறுவனத்தின் சொந்த சர்வரில் நிறுவும் ப்ராஜெக்ட் சர்வர் சப்ஸ்கிரிப்ஷன் எடிஷனே நெருங்கிய மாற்று. ஷேர்பாயின்ட் சர்வரையும் எஸ்க்யூஎல் சர்வரையும் நீங்களே பராமரிக்க வேண்டும், அது சின்ன வேலையல்ல. டாஸ்க் பட்டியலும், வேலைகளைக் காலக்கோட்டில் காட்டும் கான்ட் சார்ட்டும் போதும் என்பவர்கள் மைக்ரோசாஃப்ட்டின் பிளானர் பிரீமியத்துக்குப் போகலாம். எங்கே போனாலும் திட்டங்களை எம்பிபி கோப்புகளாக (மைக்ரோசாஃப்ட் ப்ராஜெக்ட்டின் கோப்பு வகை) சேமிப்பதோடு நிற்காமல், தரவை வெளியே எடுக்க உதவும் ஓடேட்டா இணைப்பு வழியாக டைம்ஷீட், ரிசோர்ஸ் தரவுகளையும் இப்போதே இறக்கி வைத்துவிடுங்கள்.