மெர்ஸ் கன்னிங்ஹாம் நடனப் பேழைகள்: ஆட்டம் இருக்கிறது, வரவு செலவு இல்லை

அமெரிக்க நடன அமைப்பாளர் மெர்ஸ் கன்னிங்ஹாமின் படைப்புகளுக்கு உரிமை பெற்ற, நியூயார்க்கிலுள்ள மெர்ஸ் கன்னிங்ஹாம் அறக்கட்டளை இணையத்தில் வைத்துள்ள ‘டான்ஸ் கேப்ஸ்யூல்ஸ்’ என்னும் நடனப் பேழைத் தொகுப்பை மதிப்பிடுவதற்கு முன், அது எந்த நெருக்கடியில் பிறந்தது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. 1953 கோடையில் வட கரோலினாவின் பிளாக் மவுண்டன் கல்லூரியில் உருவாகி, ஏறத்தாழ 58 ஆண்டுகள் ஆடிய கன்னிங்ஹாம் நடனக் குழு, தன் நிறுவனர் மறைந்தபின் தன்னைக் கலைத்துக்கொள்வதென்று அவர் உயிரோடிருந்தபோதே முடிவுசெய்து, அதற்கான திட்டத்தையும் நிதியையும் வகுத்துக்கொண்டு, 2011 டிசம்பர் 31 அன்று கடைசியாக ஆடிவிட்டு நின்றது. குழு இல்லாத காலத்தில் அதன் நடனங்களைப் பிறர் கற்று மேடையேற்ற வேண்டுமென்றால் கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடையாக 86 நடனங்களுக்கு இந்தப் பேழைகள் தயாரிக்கப்பட்டன. நடனம் பயில்வோருக்கும் ஆய்வாளருக்கும் இவற்றைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நடனக் குழு நடத்துபவர்களுக்கு ஒரு குறையைச் சொல்லித்தான் பரிந்துரைக்க முடிகிறது. அந்தக் குறையைப் பற்றியே இங்கு அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு பேழை என்பது ஒரு நடனத்தின் காணொளி, இசைப் பதிவு, ஒளியமைப்பு வரைபடங்கள், அரங்கப் பொருள்கள், உடைகளின் படங்கள், தயாரிப்புக் குறிப்புகள் ஆகியவை கிடைத்த அளவில் சேர்த்து வைக்கப்பட்ட தொகுப்பு. கிடைத்த அளவில் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லாப் பேழைகளும் ஒரே கனமுடையவை அல்ல. சார்ல்ஸ் அட்லஸ் குழுவின் படப்பதிவுப் பணிக்கு வந்த 1970களுக்குப் பிந்தைய நடனங்கள் நன்றாகப் பதிவாகியிருக்கின்றன. அதற்கு முந்தையவற்றைப் பற்றி அந்த அளவுக்கு எதிர்பார்க்கக் கூடாது. இத்தனையும் மிஞ்சியதற்கு முதற்காரணம் டேவிட் வான் என்ற ஒரு மனிதர். 1959 இல் நடனக்கூடத்தின் நிர்வாகியாக வந்து சேர்ந்த அவர், 1976 இல் அமெரிக்க அரசின் கலை நிதி நல்கையோடு குழுவின் ஆவணக் காப்பாளராகப் பொறுப்பேற்று, குழு கலையும்வரை அந்தப் பணியில் இருந்தார். ஆடுவோருக்குச் சம்பளம் கொடுப்பதே பெரும்பாடாக இருக்கும் துறையில் ஒரு குழு ஆவணத்திற்கென்று ஓர் ஆளை வைத்திருந்தது என்பது சாதாரணச் செய்தி அல்ல.

தொகுப்பின் அமைப்பைப் பாராட்ட ஒரு தனிக் காரணமும் உண்டு. கன்னிங்ஹாமும் அவருடைய வாழ்க்கைத் துணைவரும் குழுவின் இசை இயக்குநருமான ஜான் கேஜும் வகுத்துக்கொண்ட முறையில், நடனமும் இசையும் அரங்க அமைப்பும் ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே உருவாகி, பெரும்பாலும் முதல் மேடையேற்றத்தன்றுதான் ஒன்றையொன்று சந்திக்கும். ஆட்டம் தாளத்தைப் பின்பற்றாது, இசை அடவுக்குக் காத்திருக்காது. ஆகவே இசைக்கு ஒரு கோப்பு, ஒளிக்கு ஒரு கோப்பு, உடைக்கு ஒரு கோப்பு என்று பிரித்து அடுக்கியிருப்பது வெறும் நூலக ஒழுங்கு அல்ல. அந்தக் கலை எப்படிச் செய்யப்பட்டதோ அப்படியே அது சேமிக்கப்பட்டிருக்கிறது. நட்டுவனார், பாட்டு, மிருதங்கம், ஆட்டம் எல்லாம் ஒரே மூச்சில் இயங்கும் மேடைக்குப் பழகிய நமக்கு இந்தப் பிரிப்பு முதலில் உயிரற்றதாகத் தோன்றலாம். காணொளியின் ஒலியை நிறுத்திவிட்டு ஒருமுறையும், படத்தைப் பாராமல் இசையை மட்டும் ஒருமுறையும் கேட்டால் இந்த அடுக்கின் பொருத்தம் விளங்கும்.

1968 ஆம் ஆண்டின் ‘ரெயின்ஃபாரஸ்ட்’ இதற்கு நல்ல சான்று. குழுவின் இசைக்கலைஞர் டேவிட் டியூடரின் மின்னணு இசை ஒரு பக்கம், ஓவியர் ஆண்டி வார்ஹோல் செய்த வெள்ளி நிறத் தலையணை பலூன்கள் ஒரு பக்கம், ஆங்காங்கே கிழித்துவிடப்பட்ட தோல்நிற உடைகள் ஒரு பக்கம். ஹீலியம் அடைத்த அந்தப் பலூன்கள் மேடையில் தம் போக்கில் நகரும். சில சமயம் ஆடுபவரின் காலில் இடறும், சில சமயம் பார்வையாளர்களை நோக்கியும் மிதந்து போகும். இப்படி ஒவ்வொரு இரவும் மாறும் ஒன்றை எந்த ஆவணமும் முழுதாகப் பிடித்து வைக்க முடியாது. ஆனால் பிடிக்க முடிந்தவற்றை இந்தத் தொகுப்பு நேர்மையாகப் பிடித்து வைத்திருக்கிறது.

இனி அந்தக் குறை. ஒரு நடனத்தை மீண்டும் ஆடுவதற்குத் தேவையானவற்றைப் பேழை தருகிறது. அந்த நடனத்தைச் செய்ய முடிந்த குழு எப்படிப் பிழைத்திருந்தது என்பதைத் தருவதில்லை. விளக்கு எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்பது இருக்கும் இடத்தில், ஒத்திகைக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பது இல்லை. இது ஆவணத் தொகுப்பின் வேலையா என்று சிலர் கேட்கக்கூடும். கன்னிங்ஹாம் குழுவைப் பொறுத்தவரை ஆம் என்பதே என் கருத்து, ஏனெனில் அங்கே பணமின்மையும் அழகியலும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று கோடு போட்டுக் காட்ட முடியாது.

ஜான் கேஜ் 1959 இல் இத்தாலியத் தொலைக்காட்சியின் வினாடி வினா நிகழ்ச்சி ஒன்றில் காளான்களைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் சரியாக விடை சொல்லி 50 இலட்சம் லிரா வென்றார். அந்தப் பணத்தில் தமக்கு ஒரு பியானோவும் குழுவுக்கு ஒரு ஃபோக்ஸ்வேகன் வேனும் வாங்கினார். ஆடுவோர், இசைப்போர், அரங்க அமைப்பாளர் என எல்லோரும் அந்த ஒரே வண்டியில் ஏறி அமெரிக்கக் கல்லூரிகளுக்குச் சென்று ஆடிய காலம் அது. வண்டியில் ஏறாதது மேடையிலும் ஏறாது. பெரிய வாத்தியக்குழு இல்லை. கேஜும் டியூடரும் இருந்தார்கள். ஓவியர் ராபர்ட் ரவுஷன்பெர்க் 1963 இல் ‘ஸ்டோரி’ என்ற நடனத்திற்கு நிலையான அரங்க அமைப்பு எதையும் செய்யாமல், போகும் ஊரில் கைக்குக் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிதாக ஒன்றைக் கட்டினார். இது கோட்பாடா, சிக்கனமா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அதே 1963 இல் கேஜும் ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸும் நண்பர்களோடு சேர்ந்து, ஓவியர்கள் கொடையாகக் கொடுத்த படைப்புகளை விற்று மேடைக் கலைகளுக்கு நிதி திரட்டும் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். கன்னிங்ஹாம் குழுவுக்கு உதவுவதே அதன் முதல் எண்ணம். அந்த அமைப்பு வேறு பெயரில் இன்றும் கலைஞர்களுக்கு நல்கை வழங்கிவருகிறது. அடுத்த ஆண்டு குழு ஐரோப்பாவும் ஆசியாவுமாக ஆறு மாத உலகப் பயணம் புறப்பட்டபோதும் ஓவிய விற்பனைப் பணமும் நன்கொடையும்தான் கைகொடுத்தன. அப்பயணத்தில் அவர்கள் இந்தியாவிலும் ஆடினார்கள். அகமதாபாத்தில் சாராபாய் குடும்பம் அவர்களை வரவேற்றது. இலண்டனில் கிடைத்த வரவேற்பால் குழுவின் பெயர் உலகறிந்ததாயிற்று. ஆயினும் பயணத்தின் முடிவில் ரவுஷன்பெர்க் விலகிச் சென்றார், ஆடியவர்களிலும் சிலர் விலகினார்கள். புகழ் வந்த ஆண்டே குழு சிதறிய ஆண்டுமாக இருந்ததை நடனங்களின் பட்டியலைப் பார்த்து மட்டும் ஊகிக்க முடியாது.

வியன்னாவில் அந்தப் பயணத்தின்போது முறையான மேடையற்ற ஓர் அருங்காட்சியகத்தில் ஆட வேண்டியிருந்ததால், பல நடனங்களிலிருந்து பகுதிகளை எடுத்துக் கோத்து இடைவேளையின்றி ஆடினார்கள். ‘ஈவென்ட்’ என்று பெயர்பெற்ற அந்த வடிவம் பின்னர் உடற்பயிற்சிக் கூடங்களிலும் அருங்காட்சியகங்களிலும் நூற்றுக்கணக்கான முறை நிகழ்ந்தது. அரங்க அமைப்பைச் சுமந்து செல்ல வேண்டாத, கிடைத்த இடத்தில் கிடைத்த ஊதியத்துக்கு ஆடக்கூடிய வடிவம் என்பதால் குழுவின் பிழைப்புக்கு அதன் பங்கு பெரியது. ஒரு நடனத்துக்கு ஒரு பேழை என்ற வகுப்புக்குள் எளிதில் அடங்காததும் அதுவே.

குழுவின் கடைசிக் கட்டமோ இதற்கு நேர்மாறாக, காசு காசாக எண்ணித் திட்டமிடப்பட்டது. 2009 ஏப்ரல் 16 அன்று கன்னிங்ஹாமின் 90 ஆம் பிறந்தநாளில் புதிய நடனம் ஒன்று அரங்கேறியது. ஜூனில், அவருக்குப் பின் குழுவைக் கலைத்து நடனங்களைக் காப்பதற்கான ‘மரபுத் திட்டம்’ அறிவிக்கப்பட்டது. ஜூலை 26 அன்று அவர் இறந்தார். ஏறத்தாழ 80 இலட்சம் டாலர் மதிப்பிடப்பட்ட அத்திட்டத்தில் இரண்டாண்டு விடைபெறும் சுற்றுப்பயணம், ஆவணப்படுத்தல், வேலை இழக்கப்போகும் நடனக் கலைஞர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஈட்டுத்தொகை ஆகிய எல்லாவற்றுக்கும் இடமிருந்தது. நியூயார்க்கின் பார்க் அவென்யூ ஆர்மரி அரங்கில் நடந்த இறுதி நிகழ்ச்சிகளுக்கு நுழைவுச்சீட்டு வெறும் 10 டாலர்தான். அரங்கப் பொருள்களையும் உடைகளையும் மினியாபொலிஸ் நகரின் வாக்கர் கலை மையம் வாங்கிக்கொண்டது. தாள்களும் பதிவுகளும் நியூயார்க் பொது நூலகத்துக்குச் சென்றன.

இவ்வளவு முன்னெச்சரிக்கைக்குப் பக்கத்திலேயே ஒரு பாடம் இருந்தது. கன்னிங்ஹாம் இளமையில் யாருடைய குழுவில் ஆடினாரோ அந்த மார்த்தா கிரஹாம் 1991 இல் மறைந்தபின், அவருடைய நடனங்கள் யாருக்கு உரியவை என்ற பூசல் வழக்காகி, 2000 இல் பண நெருக்கடியால் குழுவின் இயக்கமே நிறுத்தப்பட்டு, பெரும்பாலான நடனங்கள் அவருடைய வாரிசுக்கு அல்ல, நிறுவனத்துக்கே உரியவை என்று 2002 இல் தீர்ப்பானது. கன்னிங்ஹாம் தம் படைப்புரிமைகளுக்காக அறக்கட்டளையை நிறுவியதும் அதே 2000 இல்தான். பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். நியூயார்க்கின் வெஸ்ட்பெத் கட்டடத்தின் 11 ஆம் மாடியில் 1971 முதல் கன்னிங்ஹாம் குழு பயன்படுத்திய நடனக்கூடம் 2012 இல் காலியானபோது அங்கே குடிவந்தது கிரஹாம் குழு. அதே ஆண்டு அக்டோபரில் சாண்டி புயலின் வெள்ளம் கட்டடத்தின் அடித்தளத்துக்குள் புகுந்து அக்குழுவின் உடைகளையும் அரங்கப் பொருள்களையும் பாழாக்கியது. வழக்கையும் வெள்ளத்தையும் கடந்து கிரஹாம் குழு இன்றும் ஆடுகிறது. அழகாகக் கலைந்த குழுவோ அழகாக ஆவணமாகியிருக்கிறது. கௌரவமாக முடித்துக்கொள்வதற்கும் பெரும்பணம் வேண்டும் என்பதையும், அந்த 80 இலட்சம் டாலரைத் திரட்டக்கூடிய குழுக்கள் உலகில் மிகச் சிலவே என்பதையும் பேழைகளின் ஒழுங்கைப் பார்த்து வியப்பவர்கள் மறக்கக் கூடாது.

தொகுப்பின் பயன்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறது. எல்லாக் கோப்புகளும் எல்லோருக்கும் திறந்திருப்பதில்லை. நடனத்தை மேடையேற்ற விரும்பினால் அறக்கட்டளையிடம் கட்டண உரிமம் பெற வேண்டும்; அப்போது குழுவில் ஆடிய ஒருவர் நேரில் வந்து கற்றுக்கொடுப்பார். காணொளியும் குறிப்புகளும் மட்டும் போதாது என்பதை அறக்கட்டளையே ஒப்புக்கொண்டிருக்கும் ஏற்பாடு இது, சரியான ஏற்பாடும்கூட. முதுகெலும்பை ஒரு திசையிலும் கால்களை வேறொரு திசையிலும் இயக்கும் அந்த உடற்பயிற்சியைத் திரையைப் பார்த்துக் கற்றுக்கொள்ள இயலாது. ஆனால் குழுவில் ஆடியவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது, அந்த நிலையில் இந்த ஏற்பாடு எத்தனை காலம் தாங்கும் என்ற கவலை எழுகிறது.

தமிழ் வாசகர் ஒரு செய்தியை அறிந்துகொண்டு உள்ளே செல்வது நல்லது. குழு உருவாவதற்கு முன், 1951 இல் கன்னிங்ஹாம் அமைத்த ‘சிக்ஸ்டீன் டான்ஸஸ்’ நவரசங்களை அடிப்படையாகக் கொண்டது. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தில் வேர்கொண்ட ஆனந்த குமாரசுவாமியின் எழுத்துகள் வழியாகவே கேஜ் ரசக் கோட்பாட்டை அறிந்திருந்தார். அந்த நடனத்தில்தான் கன்னிங்ஹாம் முதன்முதலாகக் காசைச் சுண்டி வரிசையை முடிவுசெய்யும் முறையைக் கையாண்டார். சாந்தம் மட்டும் கடைசியில் வர வேண்டும் என்பதைச் சுண்டிப் பார்க்காமலே வைத்துக்கொண்டார். உணர்ச்சியற்ற நடனம் என்று அவரைப் பற்றி எழும் குறைக்கு இது போதிய பதிலா என்பதைப் பார்ப்பவர் தீர்மானிக்கட்டும்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். புதிதாக வருபவர் ‘ரெயின்ஃபாரஸ்ட்’டில் தொடங்கி, உடலசைவைக் கணினியில் பதிந்து உருவாக்கிய பிம்பங்களோடு ஆடப்படும் 1999 ஆம் ஆண்டின் ‘பைபெட்’டுக்குச் செல்லலாம். நடுவில் ஆடுவோரும், அவர்களைச் சுற்றிப் பார்வையாளரும், அவர்களுக்கும் வெளியே நூற்றுக்கு மேற்பட்ட வாத்தியக்காரர்களுமாக வட்ட மேடைக்கு அமைக்கப்பட்ட 1994 ஆம் ஆண்டின் ‘ஓஷன்’ நடனத்தைக் கைப்பேசியில் பார்க்க வேண்டாம். பெரிய திரையும் நல்ல ஒலிபெருக்கியும் கிடைக்கும்வரை அதைத் தள்ளிவைப்பதே மேல். குழு நடத்துபவர்கள் இரண்டு நாட்களை ஒதுக்கி ஒளியமைப்பு வரைபடங்களையும் தயாரிப்புக் குறிப்புகளையும் மட்டுமாவது படிக்கலாம்; தங்கள் நடனங்களுக்கு அப்படி ஒரு கோப்பைத் தொடங்குவதற்கு எந்த நல்கைக்கும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை.