தனியாகவா, ஜோடியாகவா, கும்பலாகவா? வேலூர்க் காலை ஓட்டத்துக்கு எது தோது

மே மாதத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஓட்டத்தை ஏழு மணிக்குள் முடித்தாக வேண்டும். கையில் இருப்பது ஒரு மணி நேரம். அதை யாரோடு செலவழிப்பது?

கும்பலை முதலில் பார்த்துவிடலாம். அலாரத்தை அணைத்துவிட்டுப் புரண்டு படுப்பவரைக் கிளப்ப அதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் கோட்டை அகழி ஓரம் பாதி தூரம் போவதற்குள் கால் பேச்சுக்கு ஏற்ப நடக்கத் தொடங்கிவிடும், அப்புறம் டீக்கடைதான். அவரவர் உழைப்பு தனித்துத் தெரியாவிட்டால் யாரும் கொஞ்சம் தளர்வார்கள். பிரெஞ்சுப் பொறியாளர் ரிங்கல்மான் கயிறு இழுக்கவைத்து அளந்து 1913இல் வெளியிட்டதும் இதுதான்: ஆள் கூடக் கூட, தலைக்கு வரும் இழுவை குறைந்தது. கும்பலை விட மனமில்லையென்றால் ஒவ்வொருவர் நேரத்தையும் தனித்தனியாகக் குறியுங்கள்.

வேகம் கூட வேண்டுமென்றால் என் ஓட்டு ஜோடிக்கே. சற்றுப் பலசாலியோடு சேர்ந்தால் பலம் குறைந்தவர் தன் எல்லையைத் தாண்டித் தாக்குப்பிடிப்பார். ஜெர்மனியின் உளவியலாளர் கோலர் 1920களில் கண்டது இது. சற்று என்பதுதான் சூட்சுமம். 400 மீட்டரை நீங்கள் 2 நிமிடம் 20 விநாடியில் ஓடினால் 2:05 ஓடுபவர் சரி. 1:30 ஓடுபவரோடு போனால் இரண்டாம் சுற்றிலேயே கைவிடுவீர்கள். ஆறு சுற்று, நடுவே 90 விநாடி ஓய்வு, வாரம் இரண்டு நாள் போதும்.

இதில் கெடுவது ஓரிடத்தில். ஒருவர் அரை அடி முன்னால் போவார், மற்றவர் எட்டிப் பிடிப்பார், அவர் மறுபடி அரை அடி. முதல் இரண்டு சுற்று பறக்கும், ஐந்தாவதில் மூச்சு வாங்கும். வாட்ச் மெதுவானவர் கையில் இருக்கட்டும். முன்னே ஓடுவதும் அவரே. வேகமானவருக்கு இதில் லாபம் குறைவு, அவருக்கென்று ஒரு நாள் தனியாக விடுவது நியாயம்.

எடை தூக்கக் கற்பவருக்கு மட்டும் தனிமை. பார்வையாளர்கள் பழகிய வேலையைத் தூக்கிவிடுவார்கள், பழகாததைக் கெடுப்பார்கள் என்று உளவியலாளர் ஜயான்ஸ் 1965இல் விளக்கினார். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் அரங்கு நிறையப் பார்த்திருக்க, வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் ஸ்னாட்ச் முறையில் 149, கிளீன் அண்ட் ஜெர்க் முறையில் 179 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். அவருக்கு அது ஊறிப்போன வேலை. புதியவரிடம் "இன்னொரு பத்து போடுப்பா" என்றால் முழங்கை முன்கூட்டியே மடங்கும், எடை மாட்டும் கம்பியான பார் தொடையை விட்டு விலகும். கூட்டமில்லாத நேரத்தில் வெறும் 20 கிலோ பாரோடு பழகட்டும்.

பாட்டு? நடைக்கும் மெல்லோட்டத்துக்கும் நிமிடத்துக்கு 120 முதல் 140 தாளத் தட்டு உள்ளது உதவும். காட்பாடி ரோட்டில் மட்டும் இயர்போன் வேண்டாம், பஸ் ஹார்ன் கேட்காது.