மஞ்சள் சறுக்கல் விளக்கும் ஒரு காக்கி புக்கிட் பட்டறையும்

டேஷ்போர்டில் காரும் அதன் பின்னால் நெளிந்துபோகும் டயர்த் தடமுமாக ஒரு மஞ்சள் விளக்கு இருக்கும். கொட்டும் மழையில் சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் போகும்போது அது மினுக்கி அணைந்தால் பயம் வேண்டாம். கார் வழுக்கப் பார்த்தது, நிலைத்தன்மைக் கட்டுப்பாடு பிடித்துவிட்டது என்று பொருள். விடாமல் எரிந்தால்தான் கோளாறு. என் காரில் விடாமல் எரிந்தது, பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் அமைப்பின் விளக்கும் கூடவே.

முதலில் காட்டிய இடத்தில் கோளாறு பார்க்கும் ஸ்கேனரைச் செருகிய கையோடு, ஏபிஎஸ் யூனிட்டையே மாற்றவேண்டும், 1,900 வெள்ளி ஆகும் என்றார்கள். சிஓஇ, அதாவது காரை வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ், முடியப்போகிற காருக்கு அவ்வளவா? நண்பர் ஒருவர் சொல்லி, காக்கி புக்கிட் ஆட்டோபேயில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனேன். நடத்துபவர் ஜோகூர்த் தமிழர்.

"தம்பி, ஸ்கேனர் காட்டுற கோளாறு எண் எந்தப் பக்கம்னு மட்டுந்தான் சொல்லும். வாங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பாப்போம்" என்றார்.

நான் ஓட்ட, அவர் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டார். திரையில் நான்கு சக்கரங்களின் வேகமும் தனித்தனியாக ஓடியது. நேராகப் போகும்வரை நான்கும் 12, 13 என்று ஒன்றாகவே இருந்தன. சரிவுப்பாதை வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்ததும் முன் இடது சக்கரம் மட்டும் சட்டென்று 0. நேராக்கினால் மறுபடி 12. "பாத்தீங்களா? யூனிட் நல்லாத்தான் இருக்கு, ஒயருதான் போச்சு." சக்கரத்தைக் கழற்றி, சக்கர வேகத்தை அளக்கும் சென்சாரின் ஒயர் மடங்கும் இடத்தை விரலால் வளைத்துக் காட்டினார். ரப்பர் உறையில் கீறல்கூட இல்லை, உள்ளே கம்பி அறுந்திருந்தது.

ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, கார் நிஜமாக எவ்வளவு திரும்புகிறது, ஒவ்வொரு சக்கரமும் என்ன வேகத்தில் சுற்றுகிறது என்பதை ஒப்பிட்டுத்தான் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு தேவைப்படும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். ஒரு சக்கரத்தின் கணக்கு வராவிட்டால் அது தன்னை அணைத்துக்கொள்ளும். சாதாரண பிரேக் வேலை செய்யும், ஆனால் ஏபிஎஸ்ஸும் போயிருந்தால் ஈரச் சாலையில் அழுத்திப் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளலாம். சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் ஓட்டவே கூடாது.

சென்சார், கூலி, சோதனை எல்லாம் சேர்த்து 210 வெள்ளி. பழைய சென்சாரைக் கையில் கொடுத்தார், விளக்கு அணைந்ததை இன்னொரு சுற்று ஓட்டியும் காட்டினார். எனக்கு இந்தப் பொறுமைதான் பெரிது. சோதித்துப் பார்க்காமல் விலை சொல்கிற இடத்தில் சாவியைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

குறை என்றால், உட்கார இடமில்லை, புழுக்கம், சனிக்கிழமை காரை நிறுத்தவே திண்டாட்டம். வாட்ஸ்அப்பில் நேரம் கேட்டுவிட்டுப் போங்கள். எஞ்சின் ஓடும்போது டேஷ்போர்டைப் படமெடுத்து அனுப்பினால் நல்லது. கூட எந்தெந்த விளக்கு எரிகிறது என்றுதான் அவர் முதலில் கேட்பார்.