ஏற்காட்டு வீட்டில் தள்ளு மிஷினோடு 4 வருஷம்

ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் எங்கள் வீடு. முன்னால் இருக்கும் புல்தரை ஒரு சென்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு, சுமார் 400 சதுர அடி. முன்பெல்லாம் மாதம் ஒருமுறை ஆள் வந்து பெட்ரோல் பிரஷ் கட்டரால் வெட்டிவிட்டுப் போவார். கடைசியாக வந்த அன்று, சுற்றுகிற நைலான் நரம்பு ஒரு சரளைக்கல்லைத் தூக்கி அடித்ததில் ஹால் ஜன்னல் கண்ணாடி போய்விட்டது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, கல்லைப் பொறுக்காமல் விட்டது நான்தான். ஆனாலும் அன்றைக்கே, மோட்டார் இல்லாமல் கையால் தள்ளும் புல்வெட்டு மிஷின் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

கடையில் 16 அங்குலமும் இருந்தது, 12 அங்குலமும் இருந்தது. அகலமானதை வாங்கினால் சீக்கிரம் முடியும் என்றுதான் யாருக்கும் தோன்றும். எங்கள் தரையோ சரிவு, நடுவில் ரோஜாச் செடிகள் வேறு. அகலம் கூடினால் ஒரே தள்ளில் வெட்டுப்படும் புல்லும் கூடும், அந்தப் பாரம் முழுக்க நம் தோளுக்குத்தான். அதனால் 12 அங்குலம், 5 பிளேடு. அரை மணி நேரத்தில் வேலை முடிகிறது. அந்தத் தேர்வில் இன்றுவரை எனக்கு வருத்தம் இல்லை.

சக்கரம் உருளும்போது பல்சக்கரம் வழியாக ஓர் உருளையும் சுற்றும். அதில்தான் அந்த 5 பிளேடும் முறுக்கிவிட்ட மாதிரி இருக்கும். கீழே அசையாத அடிப்பிளேடு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் மாட்டும் புல், கத்தரிக்கோலில் மாட்டியதுபோல நறுக்குப்படும். 1830-ல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் காப்புரிமை வாங்கிய அமைப்பு இது. கம்பளித் துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை நறுக்கும் ஆலை மிஷினிலிருந்துதான் அவருக்கு இந்த யோசனை வந்தது. அம்மாப்பேட்டையில் தறி ஓட்டிய என் சித்தப்பாவிடம் சொன்னபோது, "அப்ப நம்ம தொழில்ல இருந்து போனதுதானா!" என்று மிஷினை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

இந்த மிஷினுக்குப் பிடிக்காதவை சில உண்டு. பனி ஈரம் முதலாவது. மலையில் டிசம்பர் காலையில் 10 மணி வரை புல் காயாது, ஈரப்புல் உருளையில் அப்பிக்கொள்ளும். நான் மாலையில்தான் தள்ளுவேன். அடுத்தது சில்வர் ஓக் சுள்ளி. பென்சில் தடிமன் போதும், உருளை சட்டென்று நின்று கைப்பிடி வயிற்றில் இடிக்கும். மூன்றாவதாகச் சொல்வதை மலையில் இருப்பவர்கள்தான் நம்புவார்கள்: காட்டெருமை. ஒரு ராத்திரி வேலியைத் தள்ளிக்கொண்டு வந்து தரையெல்லாம் குளம்புப் பள்ளம் போட்டுவிட்டுப் போனது. சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் பிளேடு மண்ணை வழித்துவிடும். ஒவ்வொரு பள்ளத்திலும் மணல் போட்டு மேவ வேண்டியிருந்தது.

மழைக்காலம் தனி. 3 வாரம் விட்டீர்கள் என்றால் புல் உயர்ந்து, உருளைக்கு முன்னால் சாய்ந்து படுத்து, மிஷின் போன பிறகு எழுந்து நிற்கும். முதல் ஜூலையில் நான் அதோடு மல்லுக்கட்டித் தோற்று, கடைசியில் அரிவாளால் அறுத்தேன். வாரம் ஒருமுறை, புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாமல் தள்ளினால் பாரமே தெரியாது. அதற்கு முடியாதவர்கள் இதை வாங்கவே வேண்டாம். கோரைத் தண்டும் இதற்குச் சரியாக அடங்காது, கையால்தான் பிடுங்கணும்.

இரண்டாம் வருஷம் நான் செய்த முட்டாள்தனத்துக்கு வருகிறேன். வெட்டிய மறுநாள் புல் நுனியெல்லாம் வெளுத்து நின்றது. பிளேடு மழுங்கிவிட்டது என்று நினைத்து, மிஷினைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் சாணை பிடிக்கக் கொடுத்தேன். அவர் அரிவாளுக்குப் பிடிப்பதுபோல ஒவ்வொரு பிளேடாகப் பளபளவென்று பிடித்துக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து தள்ளினால் சீப்பால் வாரிய மாதிரி கோடு கோடாகப் புல் நிற்கிறது! உருளை ஒரே சீரான வட்டமாக இருக்க வேண்டும். பிளேடுகளில் மேடு பள்ளம் விழுந்தால் அடிப்பிளேடோடு எல்லா இடத்திலும் உரசாது.

சரிசெய்தது பைக் மெக்கானிக் கொடுத்த வால்வு கிரைண்டிங் பேஸ்ட், இரும்பைத் தேய்த்துச் சமமாக்கும் சொரசொரப்பான பசை. பேஸ்டைப் பிளேடுகளில் தடவி, சக்கரத்தைக் கழற்றி, உருளையை எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும். இரண்டு சாயங்காலம் சுற்றினேன். அப்புறம் துடைத்து, சக்கரத்தை மாட்டித் தள்ளினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும்தான், உருளை அசையவில்லை. சக்கரத்துக்குள் இருந்து உருளையைச் சுற்றவைக்கும் சின்ன இரும்புத் துண்டைத் திருப்பிப் போட்டிருந்தேன். அதற்கு இன்னொரு சாயங்காலம்.

கொடுமை என்னவென்றால் பிளேடு மழுங்கவே இல்லை போலிருக்கிறது. இரண்டு பக்கத்து ஸ்க்ரூவும் தளர்ந்து, உருளைக்கும் அடிப்பிளேடுக்கும் நடுவில் இடைவெளி விழுந்திருக்க வேண்டும். இப்போதெல்லாம் மாதம் ஒருமுறை, தினசரி காலண்டரில் கிழித்த தாளை இரண்டுக்கும் நடுவில் வைத்து உருளையைக் கையால் மெல்லச் சுற்றுகிறேன், விரலைத் தள்ளி வைத்துக்கொண்டு. இடது ஓரம், நடு, வலது ஓரம், மூன்று இடத்திலும் 'சரக்'கென்று அறுபட வேண்டும். தாள் மடிந்து உள்ளே போனால் அந்தப் பக்க ஸ்க்ரூவை அரைக்கால் சுற்று முடுக்குவேன். அதிகம் முடுக்கினால் தள்ளவே முடியாது, பிளேடும் தேயும். இதைப் பழகிய பிறகு சாணைக்கடைப் பக்கம் போகவில்லை.

போன மாதம் சேலம் அழகாபுரத்திலிருந்து அக்கா வந்து மிஷினைக் கடன் கேட்டு எடுத்துப் போனாள். அவள் வீட்டில் நெருக்கமாக, விறைப்பாக, மேடு மேடாய் வளர்ந்த கொரியன் புல். எங்களுடையதோ வெறும் அருகம்புல் (நர்சரியில் பெர்முடா என்று காசுக்கு விற்பதும் அதுதான்). நாலாம் நாள் போன் வந்தது.

"ஏன்டா, இது எங்க வீட்டுல மேட்டு மேல ஏறி ஏறிக் குதிக்குது, வெட்ட மாட்டேங்குது."

"காலண்டர் தாள் வச்சுப் பாத்தியாக்கா?"

"அதெல்லாம் உங்க மாமா இருபது தாள் கிழிச்சாச்சு. இன்னிக்கு என்ன தேதின்னே தெரியல."

ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்து வரணும்.